நாலில் முடிந்த பேக்கப்

2023ஆம் ஆண்டு ஜூலை 31, திங்கட்கிழமை, காலை 9 மணி 42 நிமிடம். மேற்கே மலை முழுதும் மேகத்துக்குள் கிடந்தது. குச்சனூரில் மழை என்று சொல்ல முடியாது. சாரல் முகத்தில் பட்டும் படாமலும் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஆடிக் காற்று அடித்த அடியில் எதிர்வீட்டுத் தகரம் ஒன்று தடதடவென்று ஆடியது. நான் அக்கா வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அந்த வீட்டில் போனுக்கு இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான்.

போன் சென்னையிலிருந்து. முப்பத்தொரு வருடம் நான் வேலை பார்த்த நிறுவனத்தின் கணினி மையத்திலிருந்து. அங்கே மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கணினியின் டிஸ்க்குகளும் டேப்புகளும் என் பொறுப்பில் இருந்தன. தினமும் எல்லாவற்றையும் நகல் எடுத்து வைப்பது, ஏதாவது அழிந்துபோனால் நகலிலிருந்து திரும்பக் கொண்டுவருவது, இவ்வளவுதான் வேலை. ஓய்வு பெற்றுப் பதினோரு வருடமாகப் பழனிசெட்டிபட்டியில் இருக்கிறேன். இயந்திரத்தை அதன்பின் இரண்டு முறை மாற்றிவிட்டார்கள். உள்ளே ஓடுகிறவை மாறவில்லை.

பேசியவர் இப்போது என் நாற்காலியில் இருக்கிற அம்மையார். நான் இருந்தபோது அவர் ஷிப்ட் ஆபரேட்டர். பதினோரு வருடத்தில் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். இரண்டு புத்தாண்டு, ஒன்று அவருடைய அப்பா இறந்தபோது.

"சார், நல்லா இருக்கீங்களா?"

"என்ன போச்சு, அதைச் சொல்லுங்க."

"பென்ஷன் டிஸ்க் சார். காலையில புது டிஸ்க் ஒண்ணை இனிஷியலைஸ் பண்ணினாங்க. முகவரியில ஒரு எழுத்து மாறிப்போச்சு."

புது டிஸ்க்கை வேலைக்குத் தயார் செய்வதற்குப் பெயர் இனிஷியலைஸ். ஒவ்வொரு டிஸ்க்கின் முகப்பிலும் எந்தக் கோப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஓர் அட்டவணை இருக்கும். அந்தக் கட்டளை வெற்று அட்டவணை ஒன்றை எழுதிவிடும். புது டிஸ்க் என்றால் நல்லது. ஏற்கெனவே கோப்புகள் இருக்கிற டிஸ்க் என்றால், அதற்குப் பிறகு கணினி அந்த டிஸ்க்கைப் பார்த்து, இதில் ஒன்றுமே இல்லை என்று சொல்லும்.

மறுநாள் ஒன்றாம் தேதி. மதியம் இரண்டு மணிக்குப் பென்ஷன் கணக்கு ஓடத் தொடங்கினால்தான் ஐந்து மணிக்குள் வங்கிக்குப் பட்டியல் போகும். போனால்தான் அறுபத்தோராயிரம் பேருக்குப் பணம். அதில் ஒருவன் நான்.

"வெள்ளிக்கிழமை ஃபுல் பேக்கப் இருக்கா?"

"இருக்கு சார். சனிக்கிழமை மாறினது மட்டும் எடுத்ததும் இருக்கு. ஞாயிறு யாரும் எதையும் தொடலை."

"பிறகென்ன? வெள்ளிக்கிழமையதை அதே டிஸ்க் மேல அப்படியே இறக்குங்க. அதுக்கு மேல சனிக்கிழமையதை இறக்குங்க. முடிஞ்சுது. சனிக்கிழமை ஜாப் ஒழுங்கா முடிஞ்சதா?"

"முடிஞ்சது சார். டி.ஜி.எம். கையெழுத்து வாங்கிட்டு பத்தரைக்குள்ள ஆரம்பிச்சுடறோம். உங்க வாயால ஒரு தடவை கேட்டாத்தான் தைரியம் வருது."

எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. 9 மணி 51க்குப் போனை வைத்தேன். படி இறங்கும்போது எண்ணினேன், பதினேழு.

கீழே அக்கா காப்பி டம்ளரோடு நின்றாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள், எழுபத்தாறு. அத்தானும் அதே நிறுவனத்தில்தான் இருந்தார், எனக்கு வெகு காலத்துக்கு முன்பே சேர்ந்தவர். அவர் போய் ஒன்பது வருடம். அக்காவுக்குக் குடும்பப் பென்ஷன் வந்துகொண்டிருந்தது, மார்ச் ஒன்றாம் தேதி நின்றுபோயிற்று. அவள் கொடுத்த உயிர்ச் சான்று வரவில்லை என்று யாரோ பதிந்துவிட்டார்கள். சான்று வரவில்லை என்றால் கணினிக்கு ஆள் இல்லை. இரண்டு முறை மறுபடி அனுப்பினோம், ஒருமுறை நானே சென்னைக்குப் போய் வந்தேன். போன சனிக்கிழமைதான் அவள் பெயருக்கு நேராக 'உயிருடன்' என்று திருத்தினார்கள். மறுநாள் வங்கிக்கு அவளைக் கூட்டிப்போகத்தான் ஞாயிற்றுக்கிழமையே நான் குச்சனூருக்கு வந்திருந்தேன்.

"யாருலே போன்ல? கத்துன கத்து தெருவுக்கே கேட்டுச்சு."

"ஆபீஸ்ல இருந்து. பென்ஷன் டிஸ்க்கு அழிஞ்சு போச்சாம். ஒண்ணுமில்ல, நகல் இருக்கு. மதியத்துக்குள்ள சரியாயிரும்."

"எம் பென்ஷனா?"

"எல்லாரு பென்ஷனும்தான்."

"அஞ்சு மாசமா செத்துக் கெடக்கேன். கருமாதிக்குக்கூட ஒருத்தரும் வரல. சனிக்கெழமதான் உசுரு குடுத்தாக, திங்கக்கெழமயே புடுங்கப் பாக்குறாகளா?"

"அதெல்லாம் இல்லக்கா. காப்பியக் குடு."

அவள் கொடுக்கவில்லை. டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு பென்ஷன் பிரிவில் அவள் பெயரைத் திருத்திய எழுத்தரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். "நல்ல மனுசன்டா அந்தத் தம்பி. சனிக்கெழம அரை நாளு. எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாகளாம். எனக்காக எட்டு மணி வரைக்கும் உக்காந்து போட்டுக் குடுத்தாரு பாத்தியா? நீ மட்டும் அந்தப் பாடு படுத்தலேன்னா திங்கக்கெழம பாக்கலாம்னு போயிருப்பாரு."

நான் படுத்திய பாடு உண்மை. சனிக்கிழமை அந்த எழுத்தருக்கு ஐந்தரைக்கு, ஆறு பத்துக்கு, ஆறு நாற்பதுக்கு, ஏழே காலுக்கு என்று நான்கு முறை போன் செய்தேன். ஏழு ஐம்பதுக்கு அவரே கூப்பிட்டு, முடிந்தது சார் என்றார்.

ஏழு ஐம்பது.

சனிக்கிழமை பேக்கப் ஏழு மணிக்கு ஓடும். அந்த நேரத்தை வைத்தவனே நான்தான். ஒரு கோப்பை யாராவது திறந்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தால், பேக்கப் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும்.

இதை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெயின்ஃப்ரேமில் ஒவ்வொரு வேலையும் முடியும்போது ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு முடியும். பூஜ்யம் என்றால் எல்லாம் சரி. எட்டு என்றால் தவறு, நிறுத்து. நடுவில் நாலு. நாலு என்றால் எச்சரிக்கை: வேலை முடிந்தது, ஆனால் ஏதோ ஒன்று இருக்கிறது, பார். நடைமுறையில் யாரும் பார்ப்பதில்லை. தினமும் நூற்றுக்கணக்கான வேலைகள் ஓடுகிற இடத்தில் பாதி நாலில்தான் முடியும், பாதிக்குக் காரணம் ஒன்றுமில்லாத விஷயமாக இருக்கும். நாலு வந்தால் போகலாம் என்பது எங்கள் தொழிலில் வாய்க்கு வாய் சொல்கிற பேச்சு. 'ஜாப் ஒழுங்கா முடிஞ்சதா' என்று கேட்டால் நாலில் முடிந்ததற்கும் 'முடிஞ்சது' என்றுதான் பதில் வரும்.

நான் எண் என்ன என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை நகலில் பென்ஷன் கோப்பு இல்லை என்றால், இருப்பது வெள்ளிக்கிழமைக் கோப்பு மட்டும். அதில் அக்கா செத்தவள். சனிக்கிழமை திருத்திய மற்றவர்களும் அப்படியே. அவர்களுடைய சனிக்கிழமை இன்னும் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது: அழிந்துவிட்டதாகச் சொல்லப்படுகிற அந்த டிஸ்க்கில். அட்டவணைதான் போயிற்று, கோப்பு கிடந்த இடத்தில் கிடக்கிறது. அதே டிஸ்க்கின் மேல் வெள்ளிக்கிழமையதை இறக்கினால் அதுவும் போய்விடும்.

இறக்கச் சொன்னவன் நான்.

பதினேழு படியை எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. தொட்டிப் பக்கம் போய் நின்றால் ஒரு கோடுகூட இல்லை. கீழே இருந்து அக்கா குரல் கொடுத்தாள்: "கரண்டு போயிருச்சுலே. டவரும் சேந்து படுத்துரும். காத்தடிச்சா இங்கன இப்படித்தான்." மணி 10.08.

"எப்ப வரும்?"

"வந்தா வரும். சின்னமனூரு போனாத்தான் போன் எடுக்கும்."

கோயில் பக்கம் நின்ற ஆட்டோ ஒன்றைப் பிடித்தேன். திரும்பிப் பார்த்தால் அக்கா பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள், சேலைத் தலைப்பை இழுத்துக் காதை மூடிக்கொண்டு.

"நீ எதுக்குக்கா?"

"போறது எம் உசுரு. நீ மட்டும் போயி என்னத்தப் பேசப் போற?"

ஆட்டோக்காரர் நாற்பது வயது இருக்கும், காதில் ஒரு பொத்தானைச் செருகியிருந்தார். "அய்யா, ஆசுபத்திரிக்கா?"

"இல்லய்யா. சிக்னல் கெடைக்கிற எடத்துக்கு."

"அதுக்கா இம்புட்டு அவசரம்? சரி, முன்னூறு குடுங்க."

"ஏழு கிலோமீட்டருக்கு முன்னூறா?"

"ஏலே தம்பி, பேரம் பேசுற நேரமாலே இது?" என்றாள் அக்கா.

வழி நெடுக வாழைத் தோட்டங்கள். இலைகள் எல்லாம் கிழிந்து ஒரே பக்கமாகப் படுத்து எழுந்துகொண்டிருந்தன. ஆட்டோ ஒரு பக்கம் தள்ளியது. சாரல் உள்ளே வருகிறதே என்று குடையை விரித்தேன்; விரித்த மாத்திரத்தில் மேல்நோக்கிப் புரண்டு மூன்று கம்பி முறிந்தது. போனையே பார்த்துக்கொண்டு வந்தேன். பத்து பதினெட்டு, கோடு இல்லை. பத்து இருபத்து மூன்று, இல்லை. எதிரே வைக்கோல் லாரி ஒன்று ரோட்டை அடைத்து நின்று ஐந்து நிமிடம் போயிற்று. கையெழுத்து வாங்க நேரம் ஆகட்டும், டி.ஜி.எம். ஏதாவது மீட்டிங்கில் இருக்கட்டும் என்று மனசு வேண்டிக்கொண்டது. வேலை பார்த்த காலத்தில் அந்தக் கையெழுத்துகளை எவ்வளவு திட்டியிருப்பேன்!

"என்னடா ஆச்சு, வெவரமாச் சொல்லு" என்றாள் அக்கா. "நகலு இருக்குன்ன, பிறகு எதுக்கு ஓடுற?"

"தெருவுல வீடெல்லாம் அப்படியே இருக்கு. கதவு நம்பர மட்டும் அழிச்சுட்டாங்க. நான் என்ன பண்ணுனேன், பழைய தெருவ அப்படியே கொண்டாந்து அதுமேல வைங்கன்னு சொல்லிட்டேன். பழைய தெருவுல நீ இல்ல."

தலைப்பை இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள். பிறகு, "ஏண்டா சொன்ன?" என்றாள். நான் மறுபடி போனைப் பார்த்தேன்.

சின்னமனூர் ஊருக்குள் நுழைகிற இடத்தில், ஒரு டீக்கடை முன்னால், போனில் கோடு ஏறியது. மூன்று. ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். முதல் முறை வேறு அழைப்பில் இருக்கிறார் என்று வந்தது. இரண்டாவது முறையும் அதே. மூன்றாவது முறை எடுத்தார்.

"சார், உங்களுக்குத்தான் அடிச்சுக்கிட்டு இருந்தேன், கிடைக்கலை. அப்ரூவல் வந்துருச்சு. ரீஸ்டோர் ஓடுது."

"நிறுத்துங்க!"

"சார்?"

"கேன்சல் பண்ணுங்க. இப்பவே. கேள்வி பிறகு."

"பாதியில நிறுத்தினா டிஸ்க் அரைகுறையா..."

"அரைகுறையாவே இருக்கட்டும்மா!"

ஒரு விநாடி, இரண்டு, மூன்று. எங்கள் மையத்தில் ஒரு வழக்கம் உண்டு: கட்டளையை அடித்த பிறகு, தட்டுவதற்கு முன், ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படிக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் சரி என்று சொல்ல வேண்டும். அவர் படிப்பது கேட்டது. யாரோ சரி என்றார்கள். எனக்கு அந்த ஒவ்வொரு எழுத்தும் ஒரு சிலிண்டராகக் கேட்டது. டிஸ்க்கின் இடம் சிலிண்டர் என்ற பகுதிகளாகவும், ஒவ்வொரு சிலிண்டரும் ட்ராக் என்ற வட்டங்களாகவும் பிரிந்திருக்கும்; எழுதுவது சிலிண்டர் சிலிண்டராகத்தான், பூஜ்யத்திலிருந்து மேல்நோக்கி.

"நின்னுடுச்சு சார்."

"எவ்வளவு நேரம் ஓடுச்சு?"

"எட்டு நிமிஷம்."

"முழுசா எவ்வளவு நேரம் ஆகும்?"

"இருபத்தஞ்சு."

"சனிக்கிழமை ஜாப் எந்த எண்ல முடிஞ்சது?"

தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "நாலு சார்."

"செய்தியைப் படிங்க."

படித்தார். பென்ஷன் கோப்பு பயன்பாட்டில் உள்ளது, விடப்பட்டது. அவ்வளவுதான், ஒரே வரி. டீக்கடையில் பால் பொங்கி அடுப்பில் ஊற்றியது. கடைக்காரர் திட்டியது சென்னை வரை கேட்டிருக்கும்.

போன் கை மாறியது. பேசியவர் டி.ஜி.எம்., துணைப் பொது மேலாளர். எனக்கு அவரைத் தெரியாது, நான் போன பிறகு வந்தவர். மரியாதையாகத்தான் பேசினார், ஒட்டி நின்ற அக்காவுக்கும் கேட்கிற குரலில்.

"சார், சனிக்கிழமை திருத்தினது மொத்தம் இருநூத்திப் பன்னிரண்டு. நான் கேட்டுட்டேன். அந்த இருநூத்திப் பன்னிரண்டை அடுத்த மாசம் மறுபடி போட்டுக்கலாம். இப்ப நான் அறுபதாயிரம் பேரைப் பார்க்கணும். மணி பத்தே முக்கால்."

"எனக்கு ஒண்ணரை வரைக்கும் டைம் குடுங்க. வேற ஒரு காலி டிஸ்க்ல வெள்ளிக்கிழமையதை இறக்குங்க. இந்த டிஸ்க்கைத் தொடாதீங்க. ஒண்ணரைக்குள்ள இதுல இருந்து சனிக்கிழமையதை எடுக்க முடியலேன்னா அந்தக் காலி டிஸ்க்கை வச்சே ஓட்டிடுங்க. உங்களுக்கு நஷ்டம் ஒண்ணும் இல்லை."

அவர் யோசித்தார். "சரி. ஆனா ஏழு மணிக்கு மேல அந்தக் கோப்பைத் திறந்து வச்சிருந்தது யாரு? ரூல் இருக்குல்ல? அவருக்கு மெமோ குடுக்காம விடப் போறதில்லை."

"அவருக்கு வேண்டாம் சார். நாலு தடவை போன் பண்ணி உக்கார வச்சது நான்தான். எங்க அக்காவோட பென்ஷனுக்காக. பேக்கப் நேரம் ஏழுன்னு அவருக்குத் தெரியாம இருக்கலாம், எனக்குத் தெரியும்."

"அப்போ இந்த இருநூத்திப் பன்னிரண்டுல உங்க அக்காவும் ஒருத்தர்."

"ஆமா."

"இது உங்க அக்காவுக்காக நீங்க கேக்கற டைமா சார்?"

அந்தக் கேள்வி நியாயமானது. ஆட்டோவிலேயே நான் என்னைக் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். அறுபத்தோராயிரம் ஒரு பக்கம், இருநூற்றுப் பன்னிரண்டு ஒரு பக்கம். அக்கா அதில் இல்லை என்றால் இந்த ஓட்டம் ஓடியிருப்பேனா? ஓடியிருப்பேன் என்று சொல்ல ஆசைதான். வாயைத் திறப்பதற்குள் அக்கா போனைப் பிடுங்கிவிட்டாள்.

"அய்யா, வணக்கம். செத்துப் போனவ பேசுறேன்."

"அக்கா..."

"நீ சும்மா இருலே. அய்யா, நான் ஒருத்திக்காகக் கேக்கல. எனக்குத் தம்பி இருக்கான், கஞ்சி ஊத்துவான், ஊத்தாட்டாலும் திட்டியாச்சும் வாங்கிருவேன். மத்த எரநூறு பேருக்கும் இப்படி ஒருத்தன் ஆட்டோவுல ஓடுவானா? ஒண்ணரை மணி வரைக்கும் இருங்க அய்யா. அம்புட்டுத்தான்." போனை என்னிடம் நீட்டினாள். "பேசு. என்னமோ கேக்காரு."

அவர் ஒன்றும் கேட்கவில்லை. "ஒண்ணரை" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மையாரிடம் போனைக் கொடுத்தார்.

இனி ஒரே கேள்விதான்: நிறுத்துவதற்கு முன் ஓடிய அந்த எட்டு நிமிடம் எங்கே வரை எழுதியது? பென்ஷன் கோப்பு டிஸ்க்கின் மூன்றில் ஒரு பங்கில் தொடங்குகிறது என்று வெள்ளிக்கிழமை அட்டவணை சொன்னது. இருபத்தைந்து நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்கு, எட்டு நிமிடம் இருபது விநாடி. நான் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து விரலால் மூன்று முறை கணக்குப் போட்டேன். மூன்று முறையும் அதே எட்டு நிமிடம் இருபது விநாடிதான் வந்தது. டேப் கொஞ்சம் வேகமாக ஓடியிருந்தாலே போதும்.

அந்தக் கோப்பு பென்ஷன் எண் வரிசையில் அடுக்கப்பட்டது. சின்ன எண்கள் முன்னால். அத்தான் ஆரம்பகாலத்தில் சேர்ந்தவர், அவர் எண் வெறும் மூன்று இலக்கம். முன்னால் இருப்பவர்களைத்தான் முதலில் எழுதியிருக்கும்.

"கோப்பு தொடங்கற சிலிண்டரோட முதல் ட்ராக்குகளை அப்படியே பிரிண்ட் போடுங்க" என்றேன். "அட்டவணை வேண்டாம். நேரா டிஸ்க்குல இருக்கறதை." பிறகு அத்தானின் எண்ணைச் சொன்னேன். "அந்த எண் வர்ற வரியைத் தேடுங்க. அதுக்கு அப்புறம் பேரு, அப்புறம் பிறந்த தேதி, அதுக்கு அடுத்த ஓர் எழுத்து என்னன்னு சொல்லுங்க."

டிஸ்க்கில் உள்ளதை அப்படியே அச்சிட்டால் எழுத்துகள் எழுத்தாக வராது, இரண்டிரண்டு குறியாக வரும். C1 என்றால் A, ஆள் உயிருடன். E2 என்றால் S, நிறுத்தப்பட்டது. வெள்ளிக்கிழமை அக்கா E2.

தேடுகிறார்கள். ஆட்டோக்காரர் இறங்கி வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். "என்னய்யா, ரிசல்ட்டா?"

"ஆமாப்பா. பாஸா ஃபெயிலான்னு பாக்காக" என்றாள் அக்கா.

"எந்தக் கிளாஸு ஆத்தா?"

"கடேசி கிளாஸு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் சார்ஜ் பதினொன்று என்று காட்டியது. கடைக்காரரிடம் சார்ஜர் கேட்டேன். மிக்ஸியைப் பிடுங்கிவிட்டுக் கொடுத்தார், இருபது ரூபாய் என்றார். வயர் குட்டையாக இருந்ததால் சுவரோடு காதை ஒட்டிக்கொண்டு, அடுப்புப் பக்கம் குனிந்து நிற்க வேண்டியிருந்தது. காதில் காகிதச் சத்தம். யாரோ இருமினார்கள். அம்மையார் எண்களை முணுமுணுத்துக்கொண்டே போனார், முன்னூற்று நாற்பது, முன்னூற்று அறுபது.

"இருக்கு சார். உங்க அத்தான் பேரு இருக்கு."

"பிறந்த தேதிக்கு அடுத்தது?"

"ஒரு நிமிஷம்... விரல் வச்சுப் பாத்துக்கறேன்... C, 1."

"மறுபடி."

"C1 சார். C1."

பெஞ்சில் உட்கார்ந்தேன். வயர் இழுத்துக்கொண்டு போன் கீழே விழப் பார்த்தது. அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"உசுரோடதான் இருக்க" என்றேன்.

"அது எனக்கே தெரியும். அவுகளுக்குத் தெரிஞ்சுச்சா?"

கோப்பின் முதல் ட்ராக்கே சனிக்கிழமையாக இருந்தால் மீதி எல்லாமும் சனிக்கிழமைதான். பிறகு நடந்தது பொறுமையான வேலை. காலி டிஸ்க்கில் வெள்ளிக்கிழமையதை முழுசாக இறக்கினார்கள். அதன் மேல், பென்ஷன் கோப்பு இருக்கும் சிலிண்டர்களை மட்டும், பழைய டிஸ்க்கிலிருந்து அதே எண்களுக்கு அப்படியே எடுத்து வைத்தார்கள். தொடக்கச் சிலிண்டர், முடிவுச் சிலிண்டர், இரண்டையும் நான் இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஒருமுறை அம்மையார், "சார், இதோட அஞ்சாவது தடவை" என்றார். ஆறாவது தடவையும் சொல்லச் சொன்னேன். மற்ற கோப்புகளுக்குச் சனிக்கிழமை நகல் இருந்தது, அதை இறக்கினார்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, புதியதற்கு அதன் பெயரைக் கொடுத்தார்கள். ஒரே பெயரில் இரண்டு டிஸ்க் இருந்தால் கணினி இரண்டில் ஒன்றை வெளியே தள்ளிவிடும், எதை என்று நாம் சொல்ல முடியாது. எனவே அதையும் இரண்டு முறை கேட்டேன்.

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு எல்லாம் முடிந்து, திருத்தங்களை எண்ணும் நிரலை ஓட்டினார்கள். இருநூற்றுப் பதினொன்று என்று வந்தது.

ஒன்று குறைகிறது. டி.ஜி.எம். ஒன்றரை என்றால் ஒன்றரைதான் என்று பின்னால் சொல்வது கேட்டது. யார் அந்த ஒருவர் என்று பிரிவில் கேட்டார்கள், தேடினார்கள், சனிக்கிழமை அதே எழுத்தர் ஒரே ஆளுக்கு இரண்டு முறை திருத்தம் போட்டிருக்கிறார். முதல் முறை பிறந்த தேதி தப்பு, இரண்டாவது முறை சரி. திருத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு, ஆட்கள் இருநூற்றுப் பதினொன்று. அதைக் கண்டுபிடிக்க இருபத்தாறு நிமிடம் ஆயிற்று. மணி ஒன்று இருபத்தொன்று.

"ஓட்டுங்க" என்று டி.ஜி.எம். சொன்னார். பிறகு போனை வாங்கி, "சார், இதை உங்க காலத்துல வேற யாராவது பண்ணியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டார்.

"மெமோ குடுத்திருப்பேன்."

"எழுத்தருக்குக் குடுக்கலை. உங்களுக்குக் குடுக்க வழி இல்லை. நாளையில இருந்து நாலுல முடியற ஜாப் எல்லாத்தையும் காலையில ஒருத்தர் படிச்சுக் கையெழுத்துப் போடணும்னு ஆர்டர் போடறேன்."

அதைக் கேட்ட அம்மையார் பின்னால் முனகியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நூற்றுக்கணக்கான நாலுகள். அதையும் என் கணக்கில்தான் எழுதிக்கொள்வார்.

ஐந்து மணிக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது வங்கிக்குப் பட்டியல் போய்விட்டது என்று செய்தி வந்தது. அப்போது நாங்கள் குச்சனூருக்குத் திரும்பியிருந்தோம், கரண்டும் வந்திருந்தது. ஆட்டோ வாடகையில் பாதியைத் தருகிறாயா என்று அக்காவிடம் கேட்டுப் பார்த்தேன்.

"கெடுத்தது ஆரு? இறக்குங்கன்னு சொன்னது ஆரு?" என்றாள். "நாளைக்கு வர்ற காசு எம் அஞ்சு மாசத்துக் காசு. அதுல கைய வைக்காத."

மறுநாள் காலை பதினொன்றேகாலுக்கு வங்கியில் அவள் கணக்கில் பணம் இருந்தது, நிலுவையோடு. வெளியே வந்து நின்று இரண்டு முறை எண்ணினாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எண்ணினாள். வந்த சனிக்கிழமை, ஒன்பது எள் தீபம் போடுவதாக டீக்கடையில் நின்றபோது வேண்டிக்கொண்டேன் என்று சொல்லி என்னைக் கோயிலுக்கு இழுத்துப் போனாள். வேண்டியவள் அவள், தீபத்துக்குக் காசு நான். தீபம் ஒன்று பத்து ரூபாய்.

போக வர, காத்திருந்ததற்கும் சேர்த்து ஆட்டோவுக்கு அறுநூற்றைம்பது. புதுக் குடை இருநூற்றெண்பது. பழையதைப் பழுதுபார்த்துத் தர ஆள் கிடைக்கவில்லை. ஆட்டோக்காரருக்கும் சேர்த்து டீ ஏழு, வடை நான்கு, சார்ஜர் வாடகை, எல்லாம் நூற்று முப்பத்தாறு. தீபம் தொண்ணூறு. ஆகமொத்தம் ஆயிரத்து நூற்று ஐம்பத்தாறு ரூபாய்.